காதில் விழுந்த விண்வெளி

1980-களின் நடுப்பகுதி, ஞாயிற்றுக்கிழமை காலை. குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் ஆன்டெனா நிற்கும் மொட்டை மாடிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். டிவி இருந்த வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். தூர்தர்ஷனில் அமெரிக்க விண்வெளித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்'. அதன் நாயகர்கள் கர்க்கும் ஸ்பாக்கும் பேசிய அமெரிக்க ஆங்கிலம் பாதிப் பேருக்குப் பிடிபடாது. ஆனாலும் எப்போது ஆபத்து, எந்தக் கிரகத்தில் கால் வைக்கக் கூடாது என்பது பாயில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். சொல்லிக்கொடுத்தது இசை.

1966-ல் தொடங்கிய அந்தத் தொடரின் முகப்பிசை அலெக்சாண்டர் கரேஜ் அமைத்தது. விண்கப்பல் திரையைக் கிழித்துக்கொண்டு பாயும்போது 'வுஷ்' என்றொரு சத்தம் வருமே, அது எந்தக் கருவியும் எழுப்பியதல்ல. கரேஜ் தன் வாயாலேயே ஊதிப் பதிவுசெய்தது. மேலே மிதக்கும் குரல் லூலி ஜீன் நார்மன் என்ற பாடகியுடையது. சொல்லே கிடையாது. ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

ஸ்பாக் உணர்ச்சியை வெளியே காட்டாதவன். 1967-ல் வந்த 'அமோக் டைம்' அத்தியாயத்தில் அவனுக்கென்று ஒரு மெட்டுப் போட்ட ஜெரால்ட் ஃப்ரைட், அதை பேஸ் கிட்டாரிடம் ஒப்படைத்தார். முகம் மறைத்ததை அந்தத் தடித்த தந்தி முனகிக் காட்டியது. அதே அத்தியாயத்தின் சண்டை இசை பிறகு வேறு அத்தியாயங்களிலும் ஒலித்தது. வாராவாரம் இசைக்குழுவை உட்காரவைத்தால் பட்ஜெட் தாங்காது; பதிவானதையே எடுத்தாண்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டதில் இசை அடையாளமாகவே ஆகிவிட்டது. தெருக்கூத்தில் திரை விலகும் முன்பே பாட்டும் மத்தளமும் வரப்போகும் வேஷத்தைச் சொல்லிவிடும் அல்லவா, அந்த வேலைதான் இது.

இங்கிலாந்தில் இதற்கும் முன்னால், 1963-லேயே, பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடர் 'டாக்டர் ஹூ' வந்துவிட்டது. ரான் கிரெய்னர் எழுதிய மெட்டை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷையர். இன்றைய கீபோர்டு எதுவும் அவரிடம் இல்லை. ஒற்றைத் தந்தியை மீட்டிப் பதிவுசெய்து, டேப்பின் வேகத்தை மாற்றி ஸ்வரங்களாக்கி, துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார். போர்க்காலத்துக் காவென்ட்ரியில் கேட்ட விமானத் தாக்குதல் சங்கொலிதான் இப்படிப்பட்ட ஒலிகளின் பக்கம் தன்னை ஈர்த்தது என்று பின்னாளில் சொன்னார். தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைக்கு மேலே விமானப்படைப் பயிற்சி விமானங்கள். பல்லாவரத்தில் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் டிவி வசனத்தைப் பாதியில் விழுங்கிவிடும். இயந்திரத்தின் குரல் இங்கே அன்றாடச் சத்தம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. பின்னர் தூர்தர்ஷனின் 'வொண்டர் பலூன்' நிகழ்ச்சியில் திலீப் என்ற சிறுவன் ஒரே நேரத்தில் நான்கு கீபோர்டு வாசித்தான். இசையமைப்பாளரான அப்பா ஆர்.கே. சேகர் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த குடும்பம் அது. 1986-ல் ராக்கெட் கதையான 'விக்ரம்' படத்துக்கு இளையராஜா கணினி யுகத்தின் ஒலியைக் கொண்டுவந்தார். கதை எழுத்தாளர் சுஜாதாவுடையது. அவருடைய 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷன் தொடராகவும் வந்தது. இயந்திர நாய் ஜீனோ வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது.

அந்தத் திலீப்தான் ஏ.ஆர். ரஹ்மான். 2010-ல், சுஜாதா மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து வெளியான 'எந்திரன்' படத்தில், ரோபோ சிட்டி பிறக்கும் பாட்டுக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியத்தை அழைத்தார்; கூடவே தானும் மகள் கதீஜாவும் பாடினார்கள். உலோகச் சத்தத்துக்கு நடுவே எஸ்.பி.பி.யின் கனிந்த குரல்! சிட்டியை நாம் நேசிக்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது.

ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சி அதற்கு முன்பே இன்னொரு திசையில் போயிருந்தது. 2004-ல் தொடராக வந்த புதிய 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' பித்தளைக் கருவிகளின் முழக்கம் வேண்டாமென்று ஒதுக்கியது. இசையமைப்பாளர் பேர் மெக்கிரியரி ஜப்பானிய டைக்கோ முரசையும் ஆர்மீனிய டுடுக் குழலையும் கையில் எடுத்தார். பூமியைத் தேடி அலையும் அகதிக் கப்பல்களுக்கு அந்தக் குழலின் விசும்பல் அப்படிப் பொருந்தியது. ரிச்சர்ட் கிப்ஸ் அமைத்த முகப்பிசையில் ஒரு பெண் குரல் பாடுவது காயத்ரி மந்திரம். நங்கநல்லூரிலோ மேற்குத் தாம்பரத்திலோ ஹெட்போன் போடாமல் ஒரு பையன் இந்தத் தொடரை ஓடவிட்டால், பூஜையறையில் இருக்கும் தாத்தாதான் முதலில் திரும்பிப் பார்ப்பார்.