அண்டத்தை அளந்த கோல்

அளக்கப்படும் பொருளை ஐயுறுமுன் அளக்கும் கோலை ஐயுறுதல் அறிஞர் கடன். அண்டம் விரியும் வேகத்தை அளந்த வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது.

அமெரிக்காவின் ஹாவார்ட் வானாய்வு நிலையத்திற் பணிபுரிந்தவர் ஹென்ரியெற்றா லெவிற் என்னும் பெண்மணி. செபீட் எனப்படும் விண்மீன்கள் ஒளி கூடியும் குறைந்தும் துடிப்பவை. துடிப்பின் காலம் நீளுந்தோறும் விண்மீனின் உண்மையொளி மிகும் என்பதை அவர் 1912இல் நிறுவினார். உண்மையொளி இன்னதெனத் தெரிந்தால், அது கண்ணுக்கு எவ்வளவு மங்கித் தோன்றுகின்றது என்பதைக்கொண்டு தொலைவைக் கணிக்கலாம். அண்டத்தை அளக்கும் கோல் இவ்வாறு கிடைத்தது.

அக்கோலின் துணைகொண்டு எட்வின் ஹபிள், நம் பால்வழி போன்ற பிற விண்மீன் மண்டலங்கள், தொலைவு மிகுதற்கேற்ப மிக்க வேகத்துடன் விலகுகின்றன என 1929இற் காட்டினார். 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் என்பது அவர் கண்ட அளவு. அதன்படி பின்னோக்கிக் கணித்தால் அண்டத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளே. பூமியின் பாறைகளோ அதனினும் முதியனவாயிருந்தன. தாயினும் மகள் மூத்தவளாதல் கூடுமோ?

இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஜெர்மனியிற் பிறந்த வோல்ற்றர் பாடே, பகைநாட்டவர் எனக் கருதப்பட்டமையாற் போர்ப்பணியிற் சேர்க்கப்படாது, கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையிலே தங்கினார். போர் காரணமாக லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விளக்குகள் மங்க, மலைமீது வானம் தெளிந்தது. அந்திரோமெடா மண்டலத்தின் நடுப்பகுதி விண்மீன்களைத் தனித்தனியே கண்ட அவர், விண்மீன்கள் இளையன, முதியன என இருவகைப்படும் என 1944இல் எழுதினார். செபீட்டுகளும் அவ்வாறே இருவகையின என்பதை 1952இல் ரோமாபுரி மாநாட்டில் அறிவித்தார். இளைய வகை, முதிய வகையினும் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளி மிக்கது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டமையால் தொலைவுகள் பாதியாகக் கணிக்கப்பட்டிருந்தன. தொலைவு இரட்டித்தது, அண்டத்தின் வயதும் இரட்டித்தது. 1958இல் அலன் சாண்டேஜ் மேலும் பிழைகளைக் களைந்து, வேகம் ஏறத்தாழ 75 எனக் கண்டார்.

இன்று அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் எனவும், பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி எனவும் கொள்ளப்படுகின்றன. எனினும் வழக்கு முற்றும் தீர்ந்திலது. செபீட் வழியே அளப்போர் வேகம் ஏறத்தாழ 73 என்பர். ஆதியண்டத்தின் எஞ்சிய கதிர்வீச்சை ஆராய்ந்த பிளாங்க் விண்கல ஆய்வாளர் 2018இல் 67.4 என்றனர். பிழை கோலிலோ, அன்றி நாம் அறியாத இயல்பொன்று அண்டத்திலோ? பாடே காட்டிய வழியிலே, அறிஞர் கோலை மீண்டும் எடுத்துச் சோதித்துக் கொண்டிருக்கின்றனர்.