நந்தாவிளக்கும் ஆளறியும் சுவிட்சும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல் காலத்தில் சென்று வரும் அன்பர்கள், அங்குள்ள புதிய விடுதிகள் சிலவற்றில் ஒரு சிறு வியப்பைக் கண்டிருக்கக்கூடும். இருண்ட நடைவழியில் கால் வைத்த உடனே விளக்கு தானாக எரிகிறது. நாம் கடந்து போன சிறிது நேரத்தில் தானாகவே அணைகிறது. சுவரில் சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் பால்நிறக் குமிழ் ஒன்று மட்டும் தெரிகிறது. ஆள் வரவை அறிந்து விளக்கேற்றும் இக்கருவியைக் குறித்து வரலாற்று ஆர்வலர்கள் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் நினைக்கலாம். இருக்கிறது. விளக்கு எப்போது எரிய வேண்டும், யாருக்காக எரிய வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விகள் நம் நாட்டில் கல்லிலேயே வெட்டப்பட்டவை.

கோயிற் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் இரு வகை விளக்குகளை அறிவார்கள். ஒன்று நந்தாவிளக்கு, இரவும் பகலும் அணையாமல் எரிவது. மற்றொன்று சந்திவிளக்கு, குறிப்பிட்ட சந்திப் பொழுதுகளில் மட்டும் ஏற்றப்படுவது. முன்னதற்குக் காலவரையறை இல்லை. பின்னதைக் காலமே ஆள்கிறது. விளக்கொன்று எரிவதற்கு ஆகும் செலவை நம் முன்னோர் எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டார்கள் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள கல்வெட்டுகளே சான்று. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் என்று வைத்து, அவற்றை இடையர்களிடம் ஒப்படைத்து, நாள் ஒன்றுக்கு உழக்கு நெய் அளக்கச் செய்தார்கள். ஆடு இறந்தாலும் குட்டி அதன் இடத்தை நிரப்புவதால் எண்ணிக்கை குறைவதில்லை. ஆகவேதான் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. அளக்க வேண்டியவருக்கு முடியாதபோது பொறுப்பேற்க அவருடைய உறவினர்களின் பெயர்களும் எழுதப்பட்டன. ஓர் ஒளியின் பின்னால் ஒரு மந்தையும் ஒரு குடும்பமும் நின்றன!

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நந்தாவிளக்கு ஆள் இருக்கிறாரா என்று கேட்பதில்லை. நடை சாத்திய பிறகும் அது எரிகிறது. ஆளறியும் சுவிட்சின் அறமோ இதற்கு நேர் எதிரானது. ஆள் இல்லாத இடத்தில் ஒளி வீண் என்பதே அதன் முதல் விதி. அணையாத விளக்கு, பொழுதறிந்த விளக்கு என்ற இரண்டோடு, ஆளறிந்த விளக்கு என்று மூன்றாவதொரு வகையை நம் காலம் சேர்த்திருக்கிறது எனலாம்.

தென்பாண்டிச் சீமைக்கு மின்விளக்கு வந்த கதையைச் சற்று நோக்குவோம். சென்னை மாகாணத்தின் பெரிய நீர்மின் திட்டங்களில் பைக்காரா 1932இலும், மேட்டூர் 1937இலும் இயங்கத் தொடங்கின. தென்காசிக்குத் தெற்கே, அதே மேற்கு மலைத்தொடரில், தாமிரபரணியின் நீரைக் கொண்டு பாபநாசம் மின்நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. இடையர் அளந்த நெய்யின் இடத்தில் மலையிலிருந்து விழும் நீர் வந்து நின்றது. ஆனால் அந்த மாற்றத்தில் ஒன்று மறைந்தும் போனது. நெய் குறைவது கண்ணுக்குத் தெரியும். திரியைத் தூண்ட ஒருவர் வந்தே தீர வேண்டும். மின்விளக்கோ தன் உணவைக் கண்ணுக்குக் காட்டாமல் உண்கிறது. ஆகவே மறதியும் அதனோடு சேர்ந்தே வீட்டுக்குள் நுழைந்தது. 'வெளியே வரும்போது விளக்கை அணை' என்று சொல்லாத தாய் தந்தையர் தமிழகத்தில் உண்டோ? ஆளறியும் சுவிட்ச் அந்தக் குரலுக்கு மாற்றாகப் பிறந்ததே.

இனி அக்கருவியின் பிறப்பு. அதன் வேர் நமக்கு மிக அருகில், மன்னார்க் கடலுக்கு அப்பால் இருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஒருவகைக் கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். சூடேற்றினால் அவை சாம்பலை இழுத்தன. 'தோரமல்லி' என்ற சிங்களச் சொல்லே 'தூர்மலின்' என்று ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது. சூட்டினால் அக்கல்லில் பிறப்பது மின்சாரமே என்று ஏபினஸ் என்ற அறிஞர் 1756இல் விளக்கினார். 1824இல் டேவிட் புரூஸ்டர் அதற்கு 'பைரோ மின்சாரம்' என்று பெயரிட்டார். இடையே 1800இல் வில்லியம் ஹெர்ஷல், சிவப்பு நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் உண்டு என்று கண்டார். கலங்கரை விளக்கத்துக்காக ஃபிரெனல் 1820களில் வகுத்த வரிவரியான வில்லையும் இவற்றோடு சேர்ந்தது. இம்மூன்றும் கூடியதே இன்றைய சுவர்க்குமிழ். கடலில் செல்வோருக்கு ஒளியை அனுப்பப் பிறந்த வில்லை, இன்று அறைக்குள் வருவோரின் வெப்பத்தைத் திரட்டித் தருகிறது!

கருவி வேலை செய்யும் விதம் எளியது. உயிருள்ள உடல் எப்போதும் வெப்பக் கதிரை வீசிக்கொண்டிருக்கிறது. குமிழின் உள்ளே வெப்பத்துக்கு மின்சாரம் தரும் இரண்டு சிறு பட்டைகள் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டுள்ளன. அறை முழுவதும் மெல்லச் சூடேறினால் இரண்டும் ஒன்றாக மாறி ஒன்றையொன்று கழித்துவிடும். ஒருவர் நடந்து வந்தாலோ, வில்லையின் வரிகள் அவருடைய வெப்பத்தை முதலில் ஒரு பட்டையிலும் பிறகு மற்றதிலும் விழச்செய்யும். அந்த வேறுபாடே 'ஆள் வந்தார்' என்ற செய்தி. ஆகவே இக்கருவி ஆளைக் காண்பதில்லை. வெப்பம் நகர்வதையே காண்கிறது. ஒலி அலையை அனுப்பி அசைவை அறியும் மற்றொரு வகையும் உண்டு. அது 1950களின் தொடக்கத்தில் சாமுவேல் பாக்னோ என்பவர் திருடரைப் பிடிக்கச் செய்த கருவியின் வழிவந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உலகம் மின்சாரத்தை எண்ணிச் செலவிடத் தொடங்கியபோது, திருடருக்கு வைத்த கண் விளக்குக்குக் காவலாயிற்று. நம் நாட்டில் 2001இல் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2007இல் வெளியான கட்டட விதித்தொகுப்பு, பெரிய வணிகக் கட்டடங்களில் சிறிய அலுவலக அறை, கூட்ட அறை, வகுப்பறை, கிடங்கு ஆகியவற்றில் இக்கருவியை வைக்கச் சொன்னது.

கருவியின் குணம் தெரிந்தால் அதன் குறையும் தெரியும். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிற்பவரை அது அறியாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். சுவிட்சுப் பலகை கதவுக்குப் பின்னாலோ பீரோவுக்குப் பின்னாலோ இருந்தால் அது குருடாகிவிடும். உடலின் வெப்பமும் சுவரின் வெப்பமும் நெருங்கிவரும் சித்திரை வெயிலில் அதன் கூர்மை மங்கும்; சாரல் வீசும் குளிர்ந்த ஆனியில் கூடும். மனிதருக்கும் மற்ற உயிருக்கும் அதனிடம் வேற்றுமை இல்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் இடம்பெற்ற வானரங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் குற்றாலத்தில் குறைவின்றி உலவுகின்றன. திறந்த முற்றத்தில் இக்கருவியை வைத்தால், அவற்றுக்கும் அது மரியாதையோடு விளக்கேற்றும்!

எல்லா இடத்திலும் இது சிக்கனம் என்பதும் சரியன்று. கணக்கிட்டுப் பாருங்கள். அரை வாட் உண்ணும் கருவி 24 மணி நேரத்தில் 12 வாட்-மணி செலவிடும். 9 வாட் எல்.இ.டி. பல்பை நாளுக்கு ஒரு மணி நேரம் மறந்துவிட்டால் வீணாவது 9 வாட்-மணிதான். அங்கே காவலனின் கூலி களவுபோகும் பொருளைவிட அதிகம். அதே அரை வாட், 20 வாட் குழல்விளக்குகள் பத்து இரவெல்லாம் எரியும் நடைவழியில் பெருஞ்செலவைத் தடுக்கும்.

இவற்றைவிட ஆழமான குறை ஒன்றுண்டு. இலக்கிய அன்பர்களாகிய நம்மை அது நேரே தொடுகிறது. அசையாமல் இருப்பவர் அக்கருவிக்கு இல்லாதவர். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்தவர். ராஜாஜியும் கல்கியும் நாடிச் சென்ற நட்பு அவருடையது. அவர் ஒரு பாடலைச் சொல்லி நிறுத்த, கேட்டவர்கள் மெய்ம்மறந்து அமர்ந்திருக்கும் கூடத்தில் இக்கருவி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அறையில் யாரும் இல்லை என்று முடிவு செய்து அது விளக்கை அணைத்திருக்கும்! நூலகத்தில் ஆழ்ந்து படிக்கும் மாணவர், தியானத்தில் இருப்பவர், கட்டிலில் கிடக்கும் முதியவர் ஆகிய எல்லோருக்கும் இதே கதிதான். நம் இருப்பை நம் அசைவால் மட்டுமே மெய்ப்பிக்க வேண்டிய நிலை ஒரு சிறிய அவமதிப்பே அன்றோ?

ஆயினும் கருவியை வெறுக்க வேண்டியதில்லை. அதற்குரிய இடத்தைச் சொல்ல வேண்டும். கழிவறை, கிடங்கு, நடைவழி ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள். படிக்கும் இடங்களில் ஏற்றுவது கையாகவும், அணைப்பது மட்டும் கருவியாகவும் இருக்கலாம். அணைப்பதற்கு முன் கால்மணி நேரமாவது பொறுக்கும்படி அதை அமைக்கலாம். ஆனால் ஈரப் பாறைகளின் நடுவே அருவிக்குச் செல்லும் படிகளில் முழு இருள் ஒருபோதும் கூடாது. அங்கே ஒரு மெல்லொளியேனும் ஆளில்லாத போதும் எரிய வேண்டும். ஏனெனில் அது இருப்பவருக்கான விளக்கன்று, வரப்போகிறவருக்கான விளக்கு.

15ஆம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியர், பிற்காலத்தில் இக்கோயிலைப் பேணிக் காப்பவர்களை வணங்குவதாகக் கல்லில் சொல்லி வைத்தார். தாம் ஒருபோதும் காணப்போகாத மனிதர்களை அவர் கணக்கில் கொண்டார். நெடுங்காலம் சிதைந்து நின்ற கோபுரம் புதிதாக எழும்பி 1990இல் குடமுழுக்குக் கண்டபோது அந்த வணக்கம் உரியவர்களைச் சென்று சேர்ந்தது. எதிரே நகரும் வெப்பத்தை மட்டும் அறியும் கண்ணுக்கு இத்தகைய எண்ணம் வாராது. எங்கே கருவியை வைப்பது, எங்கே நந்தாவிளக்கை வைப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு ஆகவே இன்னும் நம்முடையதாகவே இருக்கிறது.