குழலுக்குள் யார்?

அமெரிக்காவில் பழைய மஸ்கட் துப்பாக்கிகளைச் சேகரிக்க ஆரம்பிப்பவர்களுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. ஏலத்தில் ஒன்று கிடைத்துவிட்டதா? உடனே தோளில் வைத்து ஸ்டைலாகக் குறி பார்க்காதீர்கள்! ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் கடைசிவரை விட்டு, வாயருகே அடையாளம் போடுங்கள். பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்புறம் வைத்து அளந்து பாருங்கள். சில அங்குலம் குறைகிறதா? போச்சு... உள்ளே யாரோ குடியிருக்கிறார்!

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால், நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். சரி, சுடாத துப்பாக்கியை யார் அப்படியே விட்டுப் போனது?

1863, ஜூலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் என்ற இடத்தில் மூன்று நாள் பயங்கரச் சண்டை. முடிந்ததும் களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். 27,000-க்கும் மேல்! அவற்றில் சுமார் 24,000 துப்பாக்கிகள் சுடப்படாமல் அப்படியே நிரம்பிக் கிடந்தன. பாதியில் ரெண்டு குண்டுகள். சுமார் 6,000 துப்பாக்கிகளில் மூன்று முதல் பத்து வரை. ஒரே ஒரு துப்பாக்கியில் மட்டும்... 23!

ஏன் இந்தக் கூத்து? ஒருமுறை சுட என்னென்ன செய்யவேண்டும் பாருங்கள். காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டிக்கவேண்டும். பிறகு சுத்தியலுக்குக் கீழே சின்ன செம்புத் தொப்பி ஒன்றை மாட்டவேண்டும் (நம் தீபாவளி பொட்டுக் கேப்பின் தாத்தா!). நல்ல பயிற்சி இருந்தால் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடலாம். புகை, அலறல், பக்கத்தில் நின்றவன் சரிகிறான். இந்தக் களேபரத்தில் தொப்பியை மாட்ட மறந்தவனுக்கு, தன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதே தெரியாது. மறுபடி கெட்டிப்பான். மறுபடியும்!

'மறதி அல்ல, மனிதனைக் கொல்ல மனம் வராமல் கெட்டிப்பதுபோல பாவனை செய்தார்கள்' என்றார் டேவ் கிராஸ்மன், 1995-ல் எழுதிய புத்தகத்தில். வரலாற்று ஆசிரியர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பயமோ, இரக்கமோ... சாட்சி சொல்ல அந்தச் சிப்பாய்கள் இல்லை!

1950-லிருந்து அங்கே ஒரு சங்கம், அந்தப் போர்க்காலத்துத் துப்பாக்கிகளைக் கொண்டு இலக்கைச் சுடும் போட்டிகள் நடத்துகிறது. புதிதாகச் சேருபவர்கள், இத்தாலியில் தயாராகும் நகல்களை வாங்கிப் பழகலாம். மருந்தை அளந்துதான் போடவேண்டும். இன்றைய புகையில்லா மருந்து கூடவே கூடாது, குழலே வெடித்துவிடும்! சுட்டு முடித்ததும் சோப்பு, வெந்நீர் போட்டுக் கழுவாவிட்டால் துருப்பிடித்துவிடும்.

ஆனால், எல்லாவற்றுக்கும் முன்பு அந்தக் குச்சி! அது பாதியில் தட்டி நின்றால், நீங்களே நோண்டாதீர்கள். விஷயம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். என்றோ ஒருநாள் கை நடுங்கக் கெட்டித்த யாரோ ஒரு பையனின் குண்டு, உங்கள் வீட்டு ஹாலில் வெடிக்கவேண்டாமே!