முன்னே நிற்கும் உருபு



இன், ஆன், அட், டு, ஃபிரம் ஆகிய சிறு சொற்களை ஆங்கிலத்தில் ‘பிரிப்போசிஷன்’ என்பர். தமிழில் முன்னிடைச்சொல் எனலாம். கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் ஆங்கிலம் பயில்வோரை மிகுதியும் தடுமாற வைப்பவை இவையே. அதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. மொழிகள் வளர்ந்த வழி வேறு என்பதே.

தொல்காப்பியம் விளியையும் சேர்த்து வேற்றுமை எட்டு என்கிறது. ஐ, ஒடு, கு, இன், அது, கண் என்னும் உருபுகள் பெயருக்குப் பின்னே நிற்பவை. ‘பள்ளிக்கு’ என்பதில் ‘கு’ பின்னே ஒட்டுகிறது. ‘டு ஸ்கூல்’ என்பதில் ‘டு’ முன்னே நிற்கிறது. வேலை ஒன்றே, நிற்கும் இடம்தான் வேறு.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போல் ஈறுகளை நம்பியிருந்த மொழிதான். பழைய ஆங்கிலத்தில் ‘ஷிபும்’ என்ற ஒரே சொல் ‘கப்பல்களுக்கு’ என்று பொருள்படும். அங்கே முன்னிடைச்சொற்களும் இருந்தன. கி.பி. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வெல்லுமுன்பே தேயத் தொடங்கிய ஈறுகள், அடுத்த சில நூற்றாண்டுகளில் பெரும்பாலும் மறைந்தன. அவை சுமந்த பொருளை முன்னிடைச்சொற்களும் சொல்வரிசையும் ஏற்றன. ஆகவே ஒரு சிறு சொல் மாறினாலும் ஆங்கிலத்தில் பொருள் மாறிவிடும்.

நாம் அன்றாடம் கேட்கும் மலாய் மொழி இங்கே துணை செய்யும். ‘டி’, ‘கெ’, ‘டாரி’ ஆகியவை அதிலும் முன்னே நிற்கின்றன. 1972-இல் வந்த புதிய எழுத்துக்கூட்டல், ‘டி செகோலா’ (பள்ளியில்) என இடம் குறிக்கும் ‘டி’யைப் பிரித்தும், ‘டிபுவாட்’ (செய்யப்பட்டது) என வினையோடு வரும் ‘டி’யைச் சேர்த்தும் எழுதச் செய்தது. அடுத்து வருவது பெயரா, வினையா என்று பார்க்க அது நம்மைப் பழக்குகிறது.

அதே பார்வை ஆங்கிலத்துக்கும் உதவும். ‘இன் தி ஹவுஸ்’ என்பதில் ‘இன்’னைத் தொடர்ந்து வீடு என்னும் பெயர் வருகிறது, எனவே அது முன்னிடைச்சொல். ‘கம் இன்’ என்பதில் பெயர் தொடரவில்லை. அங்கே அது வினையடை.

ஒன்றை மறவாதீர்கள். நம் ‘இல்’ ஒன்றுக்கு இடத்திற்கேற்ப இன், ஆன், அட் மூன்றும் வரும். அறையில் என்றால் ‘இன்’, சுவரில் என்றால் ‘ஆன்’, வாசலில் என்றால் ‘அட்’. எனவே தனிச் சொல்லாக அன்றி, பெயரோடு சேர்த்தே மனத்தில் பதியுங்கள்.

இன்றே பாடநூலில் ஒரு பத்தியை எடுத்து, முன்னிடைச்சொல்லையும் அதைத் தொடரும் பெயரையும் கோடிட்டுப் பாருங்கள்.