ஆப்காரி வருமானம்

ஓர் அரசின் கஜானா எவ்வழியில் நிரம்புகிறது என்பதை நோக்கினால் அவ்வரசின் போக்கு விளங்கும். 1860-இல் இந்தியாவிற்கு வந்த வருமான வரியிலிருந்து வேளாண் வருவாயை 1886-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிவிட்டது. எஞ்சியதன் வசூலோ மத்திய அரசுக்கு உரியது. 1936-இல் ஆட்டோ நீமேயர் வகுத்த பங்கீட்டின்படி, மாகாணங்களுக்கென ஒதுக்கிய பாதியில் சென்னைக்குக் கிடைத்தது 100-க்கு 15 பங்கே. எனவே சென்னை மாகாணம் நிலவரியையும் ஆப்காரியையும் பெரிதும் நம்பியிருந்தது.

ஆப்காரி பார்சிச் சொல். 'ஆப்' என்றால் நீர். 'கார்' என்றால் தொழில். கள், சாராய வரிக்கு எத்துணை நாகரிகமான பெயர்! மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த 'நீர்த்தொழிலில்' இருந்தே வந்தது.

1937 அக்டோபர் 1-ஆம் நாள், இராஜாஜி தம் சொந்த மாவட்டமாகிய சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கல்வராயன் மலையின் மேற்புறம் சேலத்தைச் சேர்ந்தது. கீழ்ப்புறம், கள்ளக்குறிச்சி வட்டமாகத் தென்னார்க்காட்டில் இருந்தது. மலை ஒன்று; சட்டமோ இரண்டு!

இழப்பை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. வணிகர்கள் எதிர்த்தனர். வணிகம் செய்து வாழ்வோர் நம்மில் மிகுதியாயினும், குடிப்பவன் வீட்டு அடுப்பை அணைத்துப் பெறும் பணத்தைவிட இவ்வரி நேர்மையானது என்றே நான் கருதுகிறேன்.

போர்க்காலத்தில் மதுவிலக்கு நின்றது. விற்பனை வரி நிற்கவில்லை. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு, 1971-இல் தளர்வு, பின் மீண்டும் தடை, 1981-இல் மறுபடி கடைகள், 1983-இல் டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையும் அரசின் கையில் என்று கதை நீண்டது. 2023-24-இல் மதுவால் அரசு பெற்றது சுமார் 45,855 கோடி ரூபாய். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் இது மீண்டும் நான்கில் ஒரு பங்குக்கு மேல். வியப்பு அதுவன்று. அத்தொகையில் 35,000 கோடிக்கு மேற்பட்டது மதிப்புக் கூட்டு வரி. அதாவது பழைய விற்பனை வரியின் வாரிசு. மதுவுக்கு மாற்றாகப் பிறந்த வரி இன்று மதுவின் மீதே விழுகிறது.

இத்தனை கடைகள் இருந்தும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 'கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும்' என்று வாதிடுவோர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்? காய்ச்சுவதற்குப் பெயர்போன கல்வராயன் மலையோ, 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த பூமி. அம்மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்ததும் அச்சாவுகளுக்குப் பிறகுதான்.