புத்தளக் கரையில் வரைபடமும் கணக்கும்

புத்தளம் களப்புக்கும் முந்தல் களப்புக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில், மதுரங்குளியை அண்டி அமைந்த ஊர் கனமூலை. உப்பு, மீன், தென்னை, பிற்காலத்தில் இறால் என்று இந்தக் கரை எப்போதும் வருமானம் தந்து வந்திருக்கிறது. ஆகவே நூற்றாண்டுகளாக அதை அளந்தும் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அப்படி எழுதப்பட்டவை அங்கே வாழ்ந்தவர்களின் கண்ணுக்கு எட்டாமலே வெகுகாலம் கிடந்தன.

ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கி 1676இல் முடித்தனர். கண்டி இராச்சியத்தின் கடல் வாணிபத்தை அடைக்க அந்த இடம் வசதியாக இருந்தது. கரையோரத்தின் ஆழம், மணல்திட்டு, நங்கூரம் பாய்ச்சும் இடம் ஆகியவற்றைக் காட்டும் வரைபடங்கள் ஒல்லாந்தரின் வாணிபக் கம்பனிக்கு இரகசியம். வெளியாருக்கு அவை கிடைப்பதில்லை.

இந்த நிலை 19ஆம் நூற்றாண்டில் மாறத் தொடங்கியது. அந்த மாற்றத்தில் கற்பிட்டியில் பிறந்த ஒருவருக்கே பெரும் பங்கு உண்டு. 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இருபத்தேழு வயதளவில், 1834இல், இலங்கை முழுவதற்குமான ஓர் ஊரகராதியை வெளியிட்டார். மாகாணம், பட்டினம், முக்கிய கிராமம், துறைமுகம், ஆறு, குளம் எல்லாம் அகரவரிசையில் தொகுக்கப்பட்டன. ஊர் எங்கே இருக்கிறது, அங்கே யார் வாழ்கிறார்கள், என்ன விளைகிறது என்று எவரும் புரட்டிப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இருந்ததால் ஊர்மக்களில் மிகச் சிலரே படித்திருப்பர். ஆனாலும் கச்சேரிக்குள் அடைந்து கிடந்த விபரம் அச்சுப் புத்தகமாக வெளியே வந்தது பெரிய காரியம்.

நில அளவைத் திணைக்களம் அதற்கு முன்பே, 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி, பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் காலத்தில் நிறுவப்பட்டிருந்தது. பின்னர் அது தயாரித்த ‘ஒரு அங்குல’ வரைபடத்தில் நிலத்தின் ஒரு மைல் தாளில் ஓர் அங்குலமாகும். இலங்கைக்கு 72 தாள்கள். களப்பின் விளிம்பு, வண்டிப்பாதை, தென்னந்தோட்டம், உப்பளம் எல்லாம் அதில் உண்டு. 1871இல் முதலாவது முழுத்தீவுக் குடிசன மதிப்பீடு நடந்தது. அதன்பின் ஒரு பக்கம் வரைபடத் தாள், இன்னொரு பக்கம் எண்களின் அட்டவணை என்று இரண்டும் தனித்தனியே வளர்ந்தன. 2012 மதிப்பீட்டில் புத்தளம் மாவட்டத்தின் சனத்தொகை 7 லட்சத்து 62 ஆயிரத்துக்கும் மேல். கிராம சேவகர் பிரிவு வரையிலான எண்களும் வெளியாயின. நீண்ட அட்டவணையில் தன் பிரிவைத் தேடிப் பிடித்தாலும், பக்கத்துப் பிரிவு எங்கே தொடங்குகிறது என்று வாசகருக்குத் தெரியாது. இடம் தெரியாத எண்ணில் யாருக்கும் ஈடுபாடு வருவதில்லை.

எண்ணும் இடமும் சேர்ந்திருக்க வேண்டியதன் அவசியத்தை இந்தக் கரைக்கு உணர்த்தியது இறால்தான். 1980களில் சிலாபத்திலிருந்து புத்தளம் வரை களப்போரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் காடுகளும் அழிந்தன. ஒல்லாந்தர் கால்வாய் களப்புகளை ஒன்றோடொன்று தொடுத்திருப்பதால், ஒரு பண்ணை வெளியேற்றும் நீரை இன்னொரு பண்ணை உள்ளிழுக்கும். 1996இல் இறால்களைத் தாக்கும் வெண்புள்ளி நோய் வந்தபோது அந்த நீர்வழியே பரவிப் பலரின் முதலீட்டை அழித்தது. பின்னர் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் பகுதியை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்று நாட்காட்டி வகுத்தன. பண்ணையாளருக்கு அது வெறும் அறிவித்தல் அன்று; மேலே யார் நீர் விடுகிறார், தனக்கு எப்போது முறை என்று தன் குளத்தின் நிலையிலிருந்து பார்க்கும் விபரம். பொதுத் தரவை மக்கள் விரும்பிப் பார்க்கும் இடம் இதுவே.

திரையில் தொட்டு நகர்த்தும் வரைபடங்கள் இந்த இயல்பையே பயன்படுத்தின. 2005இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஏட்ரியன் ஹொலோவட்டி என்ற இதழாளர், பொலிஸ் வெளியிட்டுவந்த குற்றப் பதிவுகளைக் கூகுள் வரைபடத்தின் மேல் குறித்தார். புதிதாக எந்தத் தகவலையும் அவர் தேடிச் சேர்க்கவில்லை. தத்தம் தெருவைத் தேர்ந்து பார்க்கலாம் என்பதொன்றே மக்களை இழுத்தது.

இலங்கையில் இதன் சிறந்த உதாரணம் கிழக்குக் கரையில் இருக்கிறது. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் எவரும் வரையலாம், எவரும் திருத்தலாம். உலக வங்கியின் ஆதரவுடன் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 2013 அளவில் மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரிவை அதில் வரையச் செய்தது. செய்மதிப் படத்தில் தெரியும் ஒவ்வொரு கூரையையும் கணினியில் சுற்றிக் கோடிட்டார்கள். பின்னர் அச்சிட்ட தாளுடன் தெருவுக்குப் போய், எத்தனை மாடி, சுவர் எதனால் ஆனது, கூரை எது, வீடா கடையா என்று குறித்துக்கொண்டார்கள். 30,000க்கும் அதிகமான கட்டடங்களும் சுமார் 450 கிலோமீற்றர் வீதிகளும் பதிவாயின. வெள்ளம் எந்த வீடுகளைத் தொடும் என்பதை இப்படிப்பட்ட பதிவால் வீடு வாரியாகக் கணிக்க முடியும்.

கனமூலை போன்ற தாழ்கரை ஊருக்கும் இந்த முறை அப்படியே பொருந்தும். 1974 முதலான அனர்த்த இழப்புப் பதிவுகள் நாட்டில் தொகுக்கப்பட்டுள்ளன. வெளியிடப்படாதவற்றைக் கேட்டுப் பெற 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மொழித் தடையும் தீர்க்கக்கூடியதே. திறந்த வரைபடத்தில் ஒரே வீதிக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர் பதியலாம். வடிகால், மதகு, பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மழைக்கு நீர் தேங்கும் ஒழுங்கை ஆகியவற்றின் இடத்தை ஊரவரே சரியாகக் காட்டுவார்கள். அவர்கள் செய்யும் திருத்தம் சற்று நேரத்தில் வரைபடத்தில் எல்லோருக்கும் தெரியும்.