பேய், கொலை, திகில் கதைகளுக்குன்னே ஒரு பதிப்பகம்! சென்னையின் 'பிளாஃப்ட்' எப்படி உருவாச்சு? நீங்களும் தொடங்கலாமா?

பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில கிளிப் மாட்டித் தொங்கும் மாத நாவல்களைப் பார்த்திருப்பீங்க. அட்டையில் கத்தி, ரத்தம், அலறும் பெண். படிச்சு முடிச்சா நேரா பழைய பேப்பர் கடைக்குப் போயிடும். இலக்கியக் கணக்கில் யாரும் சேர்க்காத இந்த நாவல்களின் அட்டைகளில் இருந்துதான் ஒரு பதிப்பகமே முளைத்தது.

யார் தொடங்கியது?

ராகேஷ் கன்னா, ரஷ்மி ரூத் தேவதாசன், காவேரி லால்சந்த் ஆகிய மூவரும் சேர்ந்து தொடங்கியதுதான் 'பிளாஃப்ட்'. ராகேஷ் கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். தமிழ் நாவலைச் சரளமாகப் படிக்கத் தெரியாது. ஆனால் டீக்கடையில் பார்த்த அட்டைகள் அவரை விடவில்லை. உள்ளே என்னதான் இருக்கு?

நாடகக் கலைஞர் ப்ரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்க்க, 2008-ல் தமிழ் பல்ப் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பு வந்தது. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், இந்திரா சௌந்தர்ராஜன் என 10 பேரின் 17 கதைகள். இரண்டாம் தொகுப்பு 2010-ல். மூன்றாவது? 2017-ல்தான்! சின்னப் பதிப்பகத்தின் வேகம் இதுதான், அவசரப்பட்டால் வேலைக்காகாது. இடையில் கி.ராஜநாராயணனின் நாட்டுப்புறக் கதைகளையும், 2020-ல் இந்தியப் பேய்களுக்கு ஒரு கலைக்களஞ்சியத்தையும் வெளியிட்டார்கள்.

மத்தூரில் இருந்து தொடங்க முடியுமா?

தாராளமா. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு மத்திய அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. தனிநபரும் வாங்கலாம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

கதைக்கும் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குது. பாட்டி சொன்ன முனி கதை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதையே ஒருத்தர் தன் நடையில் எழுதிப் புத்தகமாக்கியிருந்தால் அந்த எழுத்து அவருடையது, அனுமதி வேணும். கன்னடத் திகில் நாவலைத் தமிழில் கொண்டுவர மூல எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர் இருவரிடமும் ஒப்பந்தம் தேவை.

இங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க. 'நம்ம ஃப்ரெண்டுதானே' என்று வாய்ப்பேச்சில் விட்டால் பின்னாடி தகராறு. எழுத்தில் கையெழுத்து இல்லாமல் உரிமை கைமாறாது. எழுதினாலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். வேற மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், உரிமை வாங்கி 1 வருஷம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது காலாவதியாகிவிடும்.

பணம் எங்கே முடங்கும்?

அச்சில். ஆஃப்செட்டில் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் செலவு குறையும். அந்த ஆசையில் 1,000 பிரதி அடித்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாக வைத்திருப்பவர்கள் உண்டு. கடைக்காரருக்குக் கழிவும் கொடுக்கணும், விற்ற பிறகுதான் காசு வரும். அதனால முதல் புத்தகத்துக்கு 'பிரிண்ட் ஆன் டிமாண்ட்' நல்லது. ஒரு பிரதிக்குச் செலவு கூடத்தான், ஆனால் தேவைப்படும் அளவுக்கு மட்டும் அடிக்கலாம். ஓசூர் புத்தகத் திருவிழாவில் ஒரு மேஜையில் இடம் கிடைத்தால் வாசகரை நேரில் பார்த்துவிடலாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட 4 நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதியை உங்கள் செலவிலேயே அனுப்பணும். பேய்க்கதையா இருந்தாலும்தான்!